பெயரை மட்டும் மாற்றினால் போதுமா? தட்டச்சுக் கடை 'பவர் ஏஜெண்ட் அக்ரிமெண்ட்' மாதிரி: வரிவரியாக ஒரு விமர்சனம்

சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும் தெருவில் நான்கைந்து தட்டச்சுக் கடைகளாவது இருக்கும். ஒவ்வொரு கடைக் கணினியிலும் 'பவர் ஏஜெண்ட் கிரய உடன்படிக்கை' என்ற பெயரில் ஒரு கோப்பு உண்டு. முதலில் யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. கடைக்குக் கடை நான்கு வரி மாறும், அவ்வளவுதான். பெயர், சர்வே எண், தொகை, கெடு இவற்றை மாற்றி, முதல் பக்கத்தை முத்திரைத்தாளில் அச்சிட்டால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வாட்ஸ்அப்பிலும் இதே கோப்புதான் சுற்றுகிறது. நில உரிமையாளர் வராமல், அவர் கொடுத்த பவரை (தன் சார்பில் செயல்படத் தரும் அதிகாரப் பத்திரம்) வைத்து அவருடைய ஏஜெண்ட் கையெழுத்துப் போடும்போது, பிற்பாடு யாராவது பின்வாங்கினால், இந்த மூன்று பக்கம் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். உரிமையாளரே நேரில் வந்து கையெழுத்திடும் விற்பனைக்கு இந்த மாதிரி தேறும். ஏஜெண்ட் கையெழுத்திடும் விற்பனைக்கு ஐந்தில் இரண்டு. கையெழுத்திடுபவர்தான் விற்பவர் என்ற நினைப்பில் இது எழுதப்பட்டிருப்பதே காரணம். மற்ற குறைகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

விற்பவர் யார்?

மாதிரியின் முதல் பத்தி இப்படித் தொடங்கும்: இன்ன ஊரில் வசிக்கும் இன்னாரின் மகன் இன்னார், பொது அதிகார முகவர், இதில் முதல் பார்ட்டி. நிலத்தின் சொந்தக்காரர் பெயர் இரண்டாம் பக்கத்தில் எங்கேயோ ஒரு வரியில் வந்து போகும். சில கோப்புகளில் அதுவும் இல்லை, "எனக்கு அதிகாரப்பட்ட கீழ்க்கண்ட சொத்து" என்பதோடு சரி.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 226-ஆம் பிரிவுப்படி, முகவர் செய்த ஒப்பந்தம் முதல்வரே (பவர் கொடுத்தவருக்குச் சட்டம் வைத்த பெயர்) செய்ததைப் போலச் செல்லும். அதாவது பவர் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தும். 230-ஆம் பிரிவு இதன் மறுபக்கம்: முதல்வருக்காகச் செய்த ஒப்பந்தத்துக்கு முகவர் தன் சொந்த முறையில் கட்டுப்பட்டவர் அல்ல. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. முதல்வர் யாரென்று வெளிப்படுத்தாவிட்டால் முகவரே பொறுப்பு என்று சட்டம் அனுமானிக்கும். மாதிரியின் முதல் பத்தி நம்மைத் தள்ளிவிடும் இடம் அதுதான். ஏஜெண்ட் பொறுப்பேற்றால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் கிரயம் செய்து கொடுக்கும்படி தீர்ப்பு வாங்க வேண்டியது நிலம் வைத்திருப்பவர் மீது. ஏஜெண்டிடம் இருப்பது பேனா மட்டும்தான்.

முதல் பத்தி இப்படி இருக்க வேண்டும்: "இந்தச் சொத்தின் உரிமையாளர் ………, த/பெ ………, வயது ………, விலாசம் ………, இவருக்காக, ……… சார்பதிவகத்தில் ………-ஆம் ஆண்டு ……… எண்ணாகப் பதிவான பொது அதிகார ஆவணத்தின் ………-ஆம் பத்தி தரும் அதிகாரத்தின்படி கையெழுத்திடும் அவருடைய முகவர் ………". பத்தி எண்ணை எழுத வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை எழுத வேண்டுமென்றால் யாராவது ஒருவர் பவர் பத்திரத்தைத் திறந்து படித்தாக வேண்டும்.

கையெழுத்து விஷயத்தில் மாதிரியைக் குறை சொல்ல முடியாது. ஏஜெண்ட் தன் பெயரிலேயே கையெழுத்துப் போடலாம், உரிமையாளர் பெயரை எழுதித்தான் போட வேண்டும் என்பதில்லை. 1882-ஆம் ஆண்டு அதிகார ஆவணங்கள் சட்டத்தின் 2-ஆம் பிரிவு இதை அனுமதிக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துக்குக் கீழே "இன்னாருக்காக, அவருடைய அதிகார முகவர்" என்று இருந்தால் பிறகு வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

"சகல அதிகாரமும் பெற்ற"

மாதிரியில் மிகவும் பகட்டான வரி இதுதான்: "மேற்படி சொத்தைப் பொறுத்துச் சகல அதிகாரமும் பெற்ற முகவர்." உடன்படிக்கையில் ஏஜெண்ட் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதால் அதிகாரம் வந்துவிடாது. பவர் பத்திரத்தில் இல்லாதது அவரிடம் இல்லை.

பவர் பத்திரத்தை நீதிமன்றங்கள் இறுக்கமாகத்தான் படிக்கின்றன. 2022-இல் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்தப் பவரில் வேறு பல அதிகாரங்கள் இருந்தன, விற்கும் அதிகாரம் வெளிப்படையாக இல்லை. மற்ற அதிகாரங்களைக் காட்டி விற்பனை அதிகாரத்தை ஊகித்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பானது. 2012-இல் சென்னையிலிருந்து போன இன்னொரு வழக்கு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஏஜெண்ட் போட்டுக் கொடுத்த உடன்படிக்கையை வைத்துக் கிரயம் கேட்டு வழக்குப் போட்டார்கள். அந்தப் பவர் பத்திரத்தையே வழக்குரையோடு தாக்கல் செய்யவில்லை. நில உரிமையாளரைப் பொறுத்தவரை வழக்குரை வாசலிலேயே நிராகரிக்கப்பட்டது. சாட்சி விசாரணை வரைகூடப் போகவில்லை.

எனவே பவர் பத்திரத்தில் நான்கு சொற்களைத் தேட வேண்டும். கிரய உடன்படிக்கை எழுதிக்கொடுக்க. முன்பணமும் கிரயத் தொகையும் பெற்று ரசீது கொடுக்க. கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்துகொடுக்க. மனைகளாகப் பிரித்தோ பகுதி பகுதியாகவோ விற்க. முதல் மூன்றும் எல்லா விற்பனைக்கும் தேவை. நான்காவது, பெரிய நிலத்தில் ஒரு துண்டை வாங்கும்போது தேவை. பணம் வாங்கும் அதிகாரம் விடுபட்ட பவர்கள் ஏராளம். விற்கலாம், பத்திரம் பதியலாம், தொகை மட்டும் உரிமையாளர் கைக்கு என்று வேண்டுமென்றே எழுதுபவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பவரை வைத்து ஏஜெண்டிடம் முன்பணம் கொடுத்தால், "எனக்கு வந்து சேரவில்லை" என்று உரிமையாளர் சொல்வதற்கு நாமே வழி விட்டதாகிவிடும்.

ஏஜெண்ட் இன்னொருவருக்கு உட்பவர் கொடுத்து, அந்த இரண்டாமவர் கையெழுத்திட வந்தால், மூலப் பவரில் வேறு முகவரை நியமிக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின் பொது விதி: தானே செய்வதாக ஒப்புக்கொண்ட வேலையை முகவர் அடுத்தவர் தலையில் கட்ட முடியாது.

பல உரிமையாளர்கள் இருக்கும் சொத்தில் மாதிரி "உரிமையாளர்களின் முகவர்" என்று பன்மையில் முடித்துக்கொள்கிறது. அண்ணன் தம்பி இருவர், தங்கை ஒருவர் என்றால் மூவரும் பவர் கொடுத்திருக்க வேண்டும், அது ஒரே பத்திரமானாலும் சரி, தனித்தனியானாலும் சரி. ஒருவர் காலமாகிவிட்டால் அவருடைய பங்குக்கு அந்தப் பவர் செல்லாது. உடன்படிக்கைக்கு முன்பே அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும்.

பவர் போனால் உடன்படிக்கையும் போகுமா?

மாதிரியில் முழுக்கக் காலியாக இருக்கும் இடம் இது. பத்திர எழுத்தர்களும் வாங்குபவர்களும் ஒன்றுபோலக் குழப்பிக்கொள்ளும் இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முகவாண்மை எப்படியெல்லாம் முடியும் என்பதை 201-ஆம் பிரிவு சொல்கிறது: பவர் கொடுத்தவர் அதை ரத்து செய்வது, முகவர் விலகிக்கொள்வது, வேலை முடிந்துவிடுவது, இருவரில் ஒருவர் இறப்பது அல்லது சித்தம் கலங்குவது, பவர் கொடுத்தவர் நொடிப்பது. உரிமையாளர் ஜனவரியில் இறந்து, விஷயம் தெரிந்த ஏஜெண்ட் மார்ச்சில் புதிய உடன்படிக்கை போட்டால் அது காகிதம். ஆனால் ஜனவரிக்கு முன்பே, உரிமையாளர் உயிரோடு இருக்கையில், அதிகாரத்துக்கு உட்பட்டு ஏஜெண்ட் போட்ட உடன்படிக்கை அப்படியல்ல. அது உரிமையாளரின் ஒப்பந்தம். அவர் கொடுத்த வாக்கு 37-ஆம் பிரிவின்படி வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். இறப்போடு போனது ஏஜெண்டின் கை மட்டும்தான். கிரயப் பத்திரத்தில் இனி வாரிசுகள் கையெழுத்திட வேண்டும், மறுத்தால் வழக்கை அவர்கள் மீது போட வேண்டும். "அப்பா போய்விட்டார், பவர் செல்லாது, அக்ரிமெண்டும் செல்லாது" என்று ஒரே மூச்சில் சொல்வதில் முதல் பாதிதான் சரி.

பவர் ரத்திலும் இதே கணக்கு. ரத்துக்கு முந்தைய உடன்படிக்கை நிற்கும். ரத்துக்குப் பிறகு போட்டதைக் காப்பாற்ற 208-ஆம் பிரிவைப் பிடிக்க வேண்டும். மூன்றாம் நபர்களைப் பொறுத்தவரை, ரத்து அவர்களுக்குத் தெரிந்த பிறகே அது நடப்புக்கு வரும் என்பது அந்தப் பிரிவு. ஆனால் பதிவான ரத்து ஆவணத்தை நீங்கள் தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். அதற்கு இடம் வைக்காமல், கையெழுத்திடும் நாள் காலையில் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்து, அச்செடுத்து, தேதியோடு கோப்பில் வைத்துவிடலாம். இணையத்தில் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஒரு எச்சரிக்கை: பவர் பதிவு கட்டாயமாவதற்கு முந்தைய காலத்துப் பவர்கள் பல சார்பதிவகத்தின் 4-ஆம் புத்தகத்தில் பதிவானவை, வில்லங்கச் சான்றில் தெரியாது. அந்தப் புத்தகத்தின் நகலைச் சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். பழைய பவர் என்றால், சான்றிட்ட நகல் வாங்கித் தரும் வேலையை ஏஜெண்டிடமே ஒப்படையுங்கள். தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

சில கோப்புகளில் "இந்தப் பவர் ரத்து செய்ய முடியாதது" என்றொரு வரி தடித்த எழுத்தில் இருக்கும். அந்தச் சொல்லுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. முகவருக்கு அந்தச் சொத்திலேயே சொந்த நலன் இருந்தால்தான் 202-ஆம் பிரிவின் பாதுகாப்பு. ஆவணத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம் என்று 2025 பிப்ரவரியில் பெங்களூருச் சொத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. அதிலும் பவர் கொடுத்தவர் இறந்ததோடு பவர் முடிந்துவிட்டது.

இந்த ஓட்டையை அடைக்க ஒரே ஒரு பக்கம் போதும். மாதிரியில் அது இல்லாதது வியப்பு. உரிமையாளரே எழுதும் ஒப்புதல் கடிதம்தான் அது: இன்ன தேதியில், இன்ன எண் பவரின்படி, என் முகவர் இன்னாருடன் இன்ன விலைக்கு உடன்படிக்கை செய்திருக்கிறார், முன்பணம் இவ்வளவு, அது எனக்குக் கிடைத்தது, பவர் நடப்பில் இருக்கிறது. விலை, தொகை, சொத்து விவரம் மூன்றும் அதில் கட்டாயம் வர வேண்டும். முகவர் வரம்பு மீறியிருந்தாலும் பிறகு முதல்வர் ஏற்றுக்கொண்டால் செல்லும் என்பது 196-ஆம் பிரிவு. ஆனால் விவரம் முழுதாகத் தெரியாமல் ஏற்றது ஏற்பே ஆகாது என்கிறது 198. "என் முகவர் செய்ததெல்லாம் சம்மதம்" என்ற மொட்டைக் கடிதத்தால் பயன் குறைவு. உரிமையாளர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால், இதே விவரங்களோடு அவருடைய மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் பதில்கூட எதுவும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால், அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்

பணப் பத்தியைப் படித்தால் 1980-களில் எழுதியது போலிருக்கிறது. "கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் முன்பணம் ரூ……… ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்." அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு 2015 ஜூன் 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். உடன்படிக்கையில் ரொக்கம் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்குவது, விற்பவரின் தவறுக்கு நாமே பத்திரம் எழுதிக் கொடுப்பது போன்றது. அதைவிடப் பெரிய சிக்கல் "பெற்றுக்கொண்டேன்" என்ற வினையில் இருக்கிறது. பெற்றது யார்? மாதிரியின்படி ஏஜெண்ட். உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே காசோலையோ ஆர்டிஜிஎஸ்ஸோ போகட்டும், காசோலை எண்ணும் பரிவர்த்தனை எண்ணும் பத்தியில் ஏறட்டும். தன் கணக்கில் விழுந்த பணத்தை எடுத்துச் செலவு செய்த உரிமையாளர், பின்னாளில் ஏஜெண்டுக்கு அதிகாரமே இல்லை என்று சொல்வது எளிதல்ல.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு சதவீத வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது, முன்பணத்திலிருந்தே பிடிக்க வேண்டும். அதில் போட வேண்டியது உரிமையாளரின் பான் எண். மாதிரியில் பான் எண்ணுக்கு ஒரே ஒரு கோடுதான், அது ஏஜெண்டின் பெயருக்கு நேரே இருக்கிறது. உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த ஒரு சதவீதக் கணக்குப் பொருந்தாது, ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது.

கெடுவும் தயார்நிலையும்

மூன்று மாதக் கெடு, ஆறு மாதக் கெடு என்று எழுதுவதில் தவறில்லை. கிரயம் கேட்டு வழக்குப் போட, நீதிமன்றத் தமிழில் ஏற்றதை ஆற்றுதல் பரிகாரம் கேட்க, காலவரையறைச் சட்டத்தின் 54-ஆம் கூறு 3 ஆண்டு தருகிறது. கெடு குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து. குறிக்காவிட்டால், மறுப்பு நமக்குத் தெரிந்த நாளிலிருந்து. வழக்கில் வாங்குபவர் விழுவது பெரும்பாலும் இன்னோரிடத்தில். பணத்தோடு தொடக்கம் முதல் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்ததை அவர் நிரூபிக்க வேண்டும். அதற்குக் கணக்கு அறிக்கை, வங்கிக் கடன் அனுமதிக் கடிதம், கெடுவுக்கு முன்பே அனுப்பிய நோட்டீஸ் மூன்றும் தேவை. மாதிரியில் நோட்டீஸ் அனுப்ப ஏஜெண்டின் விலாசம் மட்டுமே உண்டு. உரிமையாளரின் விலாசத்தையும் சேர்த்து, இருவருக்கும் தனித்தனியாக, சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு விரைவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

கிரயப் பத்திரத்தில் கெடு நாளன்று யார் வந்து கையெழுத்திடுவார், உரிமையாளரா ஏஜெண்டா, என்பதையும் மாதிரி சொல்வதில்லை. ஏஜெண்ட் என்றால், பவர் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றைச் சார்பதிவகத்தில் கேட்பார்கள். அதை வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டால், கடைசி நாளில் "டாக்டர் ஊரில் இல்லை" என்ற சாக்கு எடுபடாது.

முன்பணம் பறிமுதல், இரட்டிப்பாகத் திருப்பித் தருதல் என்ற பத்திகளை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டுக்கு மேல் போகவிடாது. இன்னொன்று: கிரயம் கிடைக்காவிட்டால் முன்பணமாவது வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கையைக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி வழக்குரையில் தனியாகக் கேட்டாக வேண்டும். கேட்காததை நீதிமன்றம் கொடுக்காது.

பதிவு செய்யாமல் வைத்திருக்கலாமா?

"இரு தரப்பும் சம்மதித்து, இது பதிவு செய்யப்படவில்லை" என்று முடியும் கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை உடன்படிக்கைக்கும், அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவருக்கும் பதிவு கட்டாயம். பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தமிழ்நாடு செய்த திருத்தம் இது. கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

பதியாத உடன்படிக்கை முற்றிலும் குப்பையா என்றால், இல்லை. 49-ஆம் பிரிவின் வரம்புரைப்படி, ஏற்றதை ஆற்றுதல் வழக்கில் அதை ஒப்பந்தத்துக்கான சாட்சியமாக ஏற்கலாம். தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகும் இது பொருந்தும் என்று 2023-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைக் கேட்டதும் பதிவுச் செலவு மிச்சம் என்று கிளம்பிவிடக் கூடாது. பதியாத உடன்படிக்கை வில்லங்கச் சான்றில் தெரியாது. அதே மனையை ஏஜெண்டோ உரிமையாளரோ அடுத்தவருக்கு முழு விலைக்கு விற்றுப் பதிந்துவிட்டால், நம் உடன்படிக்கையை அறியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கிய அவரைக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு காப்பாற்றும். ஏஜெண்ட் வழி விற்பனையில் இந்த அபாயம் இரட்டிப்பு, ஏனென்றால் விற்கும் கைகள் இரண்டு. ஒருவர் விற்றது மற்றவருக்குத் தெரியாமலே இருக்கக்கூடும்.

"சுவாதீனம் இன்றே ஒப்படைக்கப்பட்டது" என்ற வரி பல கோப்புகளில் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் ஒப்படைக்காவிட்டால் அடித்துவிடுங்கள், பதிவுக் கட்டணக் கணக்கையே அது மாற்றிவிடும். முழுத் தொகையும் கொடுத்து, பவரும் உடன்படிக்கையும் வாங்கிக்கொண்டு, கிரயப் பத்திரமே இல்லாமல் இருப்பவர்களுக்கு, உச்ச நீதிமன்றத்தின் 2011 சூரஜ் லேம்ப் தீர்ப்பு ஞாபகத்தில் இருக்கட்டும். அப்படி நிலம் கைமாறாது.

பில்டரும் தரகரும்

இதே மாதிரியைத்தான் பில்டர்களும் லேஅவுட் போடுபவர்களும் பயன்படுத்துகிறார்கள். அங்கே பொருத்தம் இன்னும் மோசம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் (ரெரா) 'ப்ரமோட்டர்' என்ற சொல்லின் விளக்கத்துக்குள், நில உரிமையாளரின் பவரை வைத்துக் கட்டுபவரும் மனை பிரிப்பவரும் வந்துவிடுகிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேலோ 8 வீட்டுக்கு மேலோ உள்ள திட்டம் என்றால் ரெரா பதிவு வேண்டும். எழுத்து மூலமான உடன்படிக்கையைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 13-ஆம் பிரிவு. தட்டச்சுக் கடைக் கோப்பு ரெரா உடன்படிக்கைக்கு மாற்று இல்லை.

நிலம் ஒருவருடையது, கட்டுவது பில்டர் என்ற கூட்டு மேம்பாட்டுத் திட்டங்களில் பவரின் எல்லையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 4 கிரவுண்டு நிலம், அதாவது 9,600 சதுர அடி. அதில் பில்டருக்கு 60 சதவீதப் பிரிபடாத பாகத்துக்கு, 5,760 சதுர அடிக்கு, பவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வில்லங்கச் சான்றில் ஏற்கெனவே அவர் விற்ற பாகங்களைக் கூட்டுங்கள். 5,200 ஆகிவிட்டதென்றால், உங்களுக்கு 700 சதுர அடி பிரிபடாத பாகம் (யூடிஎஸ்) தருவதாகப் போடும் உடன்படிக்கையில் 140 சதுர அடிக்கு அவருக்கு அதிகாரமே இல்லை. உரிமையாளர் பங்கு வீட்டை பில்டர் விற்பதும் இதே ரகம். எந்த வீடு யார் பங்கு என்ற ஒதுக்கீட்டு ஒப்பந்தத்தின் நகல் இல்லாமல் இதைச் சரிபார்க்க முடியாது.

தரகர் கையெழுத்திட்ட 'டோக்கன்' (சிறு முன்தொகை) ரசீதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ரெராவில் பதிவு செய்த ஏஜெண்டாகவே இருக்கட்டும், விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பதோடு அவர் வேலை முடிகிறது. எழுத்து மூல அதிகாரம் இல்லாமல் அவர் போட்ட கையெழுத்து உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. அதிகாரம் இருப்பதாகச் சொல்லி ஏமாற்றியிருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 235-ஆம் பிரிவின்படி அவரிடம் இழப்பீடு கேட்கலாம். நிலம் கேட்க முடியாது.

சொத்து விவரம்

மாதிரியில் நன்றாக இருப்பது ஷெட்யூல் பகுதிதான். நான்கெல்லை, அளவு, கிராமம், வட்டம், பதிவு மாவட்டம் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. குறை நிரப்புபவர்களிடம். கடைக்காரர் கிரயப் பத்திரத்தைப் பார்த்து அடிப்பார், பவர் பத்திரத்தைப் பார்க்க மாட்டார். பவர் கொடுத்தபோது 45/2 என்றிருந்த சர்வே எண், உட்பிரிவுக்குப் பின் பட்டாவில் 45/2ஏ, 45/2பி என்று பிரிந்திருக்கும். உடன்படிக்கையில் பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்ந்தே வர வேண்டும். அளவிலும் அப்படித்தான். பவரில் 12 சென்ட் என்று இருந்தால் 5,227 சதுர அடி. உடன்படிக்கையில் 5,400 என்று அடித்துவிட்டால் மிச்சம் 173 சதுர அடியை விற்க அந்த ஏஜெண்டுக்கு உரிமை இல்லை.

வழக்கு என்று வந்தால் சாட்சிக் கூண்டு இருக்கிறது. உரிமையாளருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை அவருக்குப் பதிலாக ஏஜெண்ட் சாட்சி சொல்ல முடியாது என்பது 2004 இண்டஸ்இண்ட் வங்கி வழக்கிலிருந்து நிலைத்த விதி. வாங்குபவருக்கும் அது பொருந்தும். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்காக அப்பா பவர் வைத்து வாங்கினால், மகனின் தயார்நிலையைப் பற்றி மகனே வந்து சொல்ல வேண்டியிருக்கும். சாட்சிகள் இருவரின் ஆதார் விலாசத்தையும் கைபேசி எண்ணையும் எழுதி வாங்குவது இதனால்தான். கடையில் அந்த நேரம் டீ குடிக்க வந்தவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லும் வழக்கம் இந்த வகை உடன்படிக்கைக்கு ஆகாது.

இந்தக் கோப்பைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், முதல் பத்தியை மேலே சொன்னபடி மாற்றி, பணப் பத்தியில் ரொக்கத்தை எடுத்துவிட்டு, நோட்டீஸ் விலாசத்தில் உரிமையாளரைச் சேர்த்து, பவரின் சான்றிட்ட நகலை இணைப்பாகப் பின்செய்து, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஏஜெண்டின் கையெழுத்தை வாங்குங்கள். அதிகாரக் குறைவால் இழப்பு வந்தால் ஏஜெண்ட் தன் சொந்தப் பொறுப்பில் ஈடு செய்வார் என்ற பத்தி கடைசியில் வரட்டும். உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் அன்றே வராவிட்டால் பதிவை இரண்டு நாள் தள்ளிப் போடலாம், சார்பதிவகத்தில் எடுத்த பதிவு நேர டோக்கனை மாற்றிக்கொள்வது பெரிய வேலையில்லை. அன்று காலை எடுத்த வில்லங்கச் சான்றும் அந்தக் கடிதமும் மேசைக்கு வந்த பிறகு காசோலையில் கையெழுத்திடுங்கள்.